ஒரு முறுக்கில் எத்தனை மணித்தியாலம்?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலைச் சந்தைப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்து மணிக்கூடு திருத்துகிறவன் நான். முப்பத்தெட்டு வருடமாக அதே மேசை, அதே லாச்சி. "பிடித்த ஒன்றைப் பற்றிக் கதையுங்கள்" என்று நிலையத்தார் கேட்டபோது எனக்கு யோசிக்கத் தேவை இருக்கவில்லை. பெட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடுகிற கைக்கடிகாரம். அதிலும் ஒரே ஒரு கேள்வி: ஒருக்கால் முறுக்கினால் அது எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?

கட்டாரில், டுபாயில் இருந்து வருகிற பெடியள் இப்போது அடிக்கடி கேட்பது இது. "அண்ணை, இது எண்பது மணித்தியாலம் ஓடுமாம். அப்பாவுடையது நாற்பதுதான். அப்ப இது இரண்டு மடங்கு நல்லதுதானே?" இல்லை, தம்பி. அந்த "இல்லை"க்கு இரண்டு நிமிடத்தில் விளக்கம் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

முதலில் அந்த ஸ்பிரிங்கைப் பாருங்கள். கைக்கடிகாரத்துக்குள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டப் பெட்டி இருக்கும். அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே சுருண்டு கிடக்கிறது ஓர் உலோக நாடா. அகலம் ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. தடிப்பு கடதாசி அளவு. நீளமோ ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. நல்ல ஸ்பிரிங்கை வெளியே விட்டால் துள்ளி விரிந்து, சுருண்டு கிடந்ததற்கு எதிர்ப்பக்கமாகப் பாம்பு போல் வளைந்து நிற்கும். களைத்துப்போன பழைய உருக்கு ஸ்பிரிங் அப்படிச் செய்யாது. பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகும் சுருண்டபடியே கிடக்கும். கையில் எடுத்த உடனே எனக்கு விளங்கிவிடும், இது முப்பது மணித்தியாலம்கூடத் தாங்காது என்று.

அந்த நாடா மெல்ல மெல்ல விரிகிறபோது பலன்ஸ் சில்லைத் தட்டித் தட்டி ஆட்டுகிறது. சித்திரை வருடப்பிறப்புக்கு மாமரத்தில் கட்டுகிற ஊஞ்சலை நினையுங்கள். உயர ஆடினாலும் பதிய ஆடினாலும் போய்வர எடுக்கிற நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மணிக்கூடு ஓடுவதே இந்த நம்பிக்கையில். ஆனால் "கிட்டத்தட்ட" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். முழுசாக முறுக்கியதும் அந்தச் சில்லு ஒவ்வொரு பக்கமும் முக்கால் வட்டத்துக்கு மேல் சுழன்று திரும்பும். ஒரு நாள் போனால் வீச்சுக் குறையும். நிற்கப் போகிற நேரத்தில் அரை வட்டத்துக்கும் வழியில்லாமல் தள்ளாடும். பதிய ஆடுகிற ஊஞ்சலைச் சின்னப்பிள்ளை ஒரு விரலால் குழப்பிவிடலாம். அதுபோல, கடைசி மணித்தியாலங்களில் கடிகாரத்தைச் சரித்து வைத்தாலே நேரம் பிசகும்.

ஆகவே கடிகாரம் வாங்கிய பெட்டியில் எழுதியிருக்கிற எண்பது என்பது கடிகாரம் நிற்கிற நேரம். அது சரியாக ஓடுகிற நேரம் அல்ல. திரும்பவும் சொல்கிறேன், நிற்கிற நேரம் வேறு, சரியாக ஓடுகிற நேரம் வேறு.

இதை எனக்குப் படிப்பித்தது ஒரு கப்பல் மணிக்கூடு. நாங்கள் துறைமுகத்து ஆட்கள். கப்பல் கதை இல்லாமல் என்னால் கதைக்க முடியாது. எங்கள் ஊரின் பெயரையே தாங்கிய ஒரு போர்க்கப்பல், 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டியது, இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற இடத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அந்த நூற்றாண்டில் நடுக்கடலில் தாங்கள் நிற்கிற தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கக் கப்பற்காரர் நம்பியிருந்தது ஒரு மணிக்கூட்டைத்தான். நாலு செக்கன் பிழைத்தால், எங்கள் பக்கத்துக் கடலில் கிட்டத்தட்ட ஒரு கடல்மைல் பிழைத்துப்போகும். ஒரு நிமிடம் பிழைத்தால் பதினைந்து மைல். கோணேசர் மலை தெரிய வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர்தான் தெரியும்.

பல வருடத்துக்கு முன்னர் அப்படி ஒன்று என் மேசைக்கு வந்தது. மரப்பெட்டி, உள்ளே இரண்டு பித்தளை வளையம். கப்பல் எப்படிச் சரிந்தாலும் மணிக்கூடு வானத்தைப் பார்த்தபடியே கிடக்கும். முறுக்குவதென்றால் அதைத் தலைகீழாகப் பிரட்ட வேண்டும். அடியில் ஒரு தூசி மூடி, அதைத் தள்ளித் திறப்பைப் போட்டு ஏழரைச் சுற்று. உள்ளே ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் பம்பரம் மாதிரி ஒரு கூம்பு, பம்பரத்துக்குக் கயிறு சுற்றியது போல அதில் ஒரு மெல்லிய சங்கிலி. ஸ்பிரிங் பலமாக இருக்கும்போது சங்கிலி கூம்பின் ஒடுங்கிய பக்கத்தை இழுக்கும், களைக்கும்போது அகன்ற பக்கத்தை இழுக்கும். அதனால் சில்லுக்குப் போகிற விசை மாறாது. அவ்வளவு கவனம்!

இனித்தான் முக்கியமான விசயம். அதன் முகத்தில் இன்னொரு குட்டி முகம், 56 வரை எழுதியது. முறுக்கி எத்தனை மணித்தியாலம் போயிற்று என்று அது காட்டும். 56 மணித்தியாலம் ஓடுகிற மணிக்கூடு. ஆனால் கப்பலில் அதை ஒவ்வொரு நாளும், ஒரே மணிக்கு, ஒரே ஆள் முறுக்கினார். 24 மணித்தியாலத்துக்கு ஒருக்கால். மிச்சம் 32 மணித்தியாலத்தைத் தொடவே இல்லை.

ஏன்? ஒவ்வொரு நாளும் ஸ்பிரிங்கின் அதே பகுதியில் ஓடினால், வருகிற பிழையும் ஒவ்வொரு நாளும் அதே பிழை. நாளுக்கு இரண்டு செக்கன் பிந்துகிறதா? எழுதி வைத்துக் கூட்டிக்கொள்ளலாம். பிழை இருப்பதில் கேடில்லை, பிழை மாறினால்தான் கேடு. அந்த 32 மணித்தியாலம், புயலடித்து முறுக்க மறந்த ஒரு நாளைக்கான காப்பு.

கையில் கட்டுவதற்கும் கணக்கு இதுதான். விடிய ஆறு மணிக்குத் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிவிட்டு முறுக்குகிறீர்கள். அடுத்த நாள் ஆறு மணி வரைக்கும் 24. மறந்து பின்னேரம் முறுக்கினால் 36. ஆக நாற்பது மணித்தியாலம் போதும். 38, 42 என்று எத்தனையோ கடிகாரம் ஐம்பது அறுபது வருடமாக ஓடுவது தற்செயலாக இல்லை. முறுக்கிக் கூடினால் ஸ்பிரிங் அறும் என்ற பயத்தில் பாதியோடு நிறுத்தாதீர்கள். கைமுறுக்குக் கடிகாரம் நிறைந்ததும் தானே தடுக்கும். அந்தத் தடையை விரலில் உணர்ந்த உடனே விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது.

கை அசைவில் தானே முறுக்கிக்கொள்கிற ஒட்டோமற்றிக் வைத்திருக்கிறவர்கள் "எனக்கு இது தேவையில்லை" என்று நினைப்பீர்கள். அப்படி நினைத்த ஒரு பெரியவரின் கதை சொல்கிறேன். இளைப்பாறிய தலைமை ஆசிரியர். அவரிடம் படித்த பிள்ளை ஒன்று வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து கொடுத்த சீக்கோ 5 கடிகாரம், கழற்றவே மாட்டார், நித்திரைக்கு மட்டும் மேசையில் வைப்பார். இளைப்பாறி ஒரு வருடம் போக, கடிகாரம் விடியப்புறம் மூன்று மணி, நாலு மணிக்கு நிற்கத் தொடங்கியது. வேறொரு கடையில் ஸ்பிரிங் போய்விட்டது என்று சொல்லிக் காசும் வாங்கிவிட்டார்கள். திரும்பவும் நின்றது. மனம் நொந்துபோய் என்னிடம் வந்தார். "தம்பி, பெடியன் அன்பாகத் தந்தது, இதைக் கைவிட எனக்கு மனமில்லை."

நான் திறந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நிறைய முறுக்கி மேசையில் வைத்தேன், 43 மணித்தியாலம் ஓடியது. பிறகு அவரிடம் கேட்டேன்: "சேர், பகலில் என்ன செய்கிறீர்கள்?" சாய்மனைக் கதிரை, பத்திரிகை, பிறகு ஒரு புத்தகம். அங்கேதான் காரணம். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிய கை, இப்போது அசைவதில்லை. உள்ளே இருக்கிற எடைத்தகடு சுழன்றால்தானே ஸ்பிரிங் முறுக்கும்? இரவு கழற்றி வைக்கும்போது அதில் ஆறேழு மணித்தியாலம்தான் இருந்திருக்கும். அவருடைய மாதிரிக்குப் பக்கத்தில் இருக்கிற பிடியால் முறுக்கவும் வழியில்லை. விடிய எழுந்ததும் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் பக்கவாட்டில் ஆட்டுங்கள், பின்னேரம் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடவுங்கள் என்றேன். இரண்டு கிழமை கழித்து வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. கடிகாரம் நிற்கவில்லை.

அவருக்கு எண்பது மணித்தியாலக் கடிகாரம் கொடுத்திருந்தாலும் அதே கதைதான் நடந்திருக்கும். பெரிய தாங்கி கட்டினால் மட்டும் தண்ணீர் வராது, கிணற்றில் இருந்து இறைக்க வேண்டும்.

எண்பது வீண் என்று நான் சொல்லவில்லை. கந்தோரில் வேலை செய்கிறவர் வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்குக் கழற்றி வைத்துத் திங்கள் விடிய ஏழு மணிக்குக் கட்டுகிறார். 61 மணித்தியாலம். அவருக்கு எழுபது, எண்பது உதவும். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். டிசோ நிறுவனத்தின் கடிகாரங்களில் வருகிற பவர்மற்றிக் 80 என்ற பொறியில், மணித்தியாலத்துக்கு 28,800 தட்டாக இருந்ததை 21,600 ஆகக் குறைத்தார்கள், ஸ்பிரிங் சுற்றுகிற நடுத்தண்டையும் மெல்லியதாக்கினார்கள். செக்கனுக்கு எட்டுத் தட்டு ஆறாயிற்று. மெதுவாகத் தட்டுகிற கடிகாரம் குலுக்கலில் சற்று அதிகமாகப் பிசகும்; மோட்டார் சைக்கிளில் திரிகிறவர் அதை யோசிக்க வேண்டும். ரோலெக்ஸ் 48 இல் இருந்து 70 க்குப் போனபோது தட்டைக் குறைக்கவில்லை. ஸ்பிரிங் பெட்டியின் சுவரை மெல்லியதாக்கி நீளமான ஸ்பிரிங்கை வைத்தார்கள்.

இன்னொருவருக்கும் கூடிய மணித்தியாலம் தேவை. கிண்ணியாவில் இருந்து ஒரு காக்கா வருவார், சங்கு குளிக்கிறவர். அவருடைய கடிகாரத்தின் பிடி திருகி மூடுவது. முறுக்குவதற்குத் திறக்கிறபோதெல்லாம் புரியும் தேயும், ரப்பர் வளையமும் தேயும். ஒரு நாள் வடிவாக மூடாமல் கடலில் இறங்கினால் உப்புத்தண்ணி உள்ளே. எங்கள் ஊரில் நான் திறந்து பார்க்கிற துருவில் பாதி இப்படி வந்ததுதான். 1926 இல் நீர் புகாத கூட்டைக் கொண்டுவந்த ரோலெக்ஸ், 1931 இல் தானே முறுக்குகிற கடிகாரத்தையும் கொண்டுவந்தது. பிடியை நாளுக்கு நாள் திறக்கும் தேவை அதோடு போயிற்று. காக்காவிடம் நான் சொல்வது: கையை விட்டுக் கழற்றாதீர்கள், பிடியைத் தொடாதீர்கள்.

நின்றுபோனால்தான் என்ன? மூன்று முள்ளு மட்டும் உள்ளதென்றால் அரை நிமிட வேலை. 1996 இல் மே மாதம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்தள்ளி, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே வந்தோமே, அந்தக் காலத்தில் "பழைய நேரமா, புது நேரமா" என்று கேட்டுக் கேட்டு முள்ளைத் திருப்பியவர்கள் நாங்கள். திகதி, கிழமை உள்ளதென்றால் மட்டும் கவனம். இரவு ஒன்பது மணிக்கும் விடியப்புறம் மூன்று மணிக்கும் இடையில் முள்ளு நிற்கும்போது திகதியை மாற்றாதீர்கள், பல்லு உடையும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரட்டை ஸ்பிரிங், எட்டு நாள் ஓடுபவை என்று எழுதி வந்ததை விடுகிறேன், ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜேர்மனியில் லாங்கே என்ற நிறுவனம் 2007 இல் 31 நாள் ஓடுகிற கைக்கடிகாரம் காட்டியது. இரண்டு ஸ்பிரிங், ஒவ்வொன்றும் 1.85 மீற்றர். 31 நாள் முடிந்ததும், ஸ்பிரிங்கில் இன்னும் விசை இருக்கும்போதே, ஒரு பொறி அதைத் தானே நிறுத்திவிடும். களைத்த ஸ்பிரிங்கில் பிழையான நேரம் காட்டக் கூடாது என்று.

இன்று வீட்டில் செய்து பாருங்கள். முழுசாக முறுக்கி, இந்த வானொலியில் செய்திக்கு முன்னர் வருகிற நேர ஒலியோடு முள்ளை வையுங்கள். 24 மணித்தியாலத்தில் எத்தனை செக்கன் வித்தியாசம், எழுதுங்கள். பிறகு தொடாமல் விட்டு, எப்போது நின்றது என்றும் எழுதுங்கள். முப்பதுக்குக் கீழே நின்றால் ஒயில் காய்ந்திருக்கும் அல்லது ஸ்பிரிங் களைத்திருக்கும். அந்தத் துண்டையும் கடிகாரத்தோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறேன்.

நன்றி, வணக்கம்.