ஏரிக் கிழவர்

வணக்கம் நேயர்களே. ஏரி என்றால் வரத்துக்கால் எங்கே, கலங்கல் எங்கே என்றுதான் நாம் முதலில் கேட்போம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் கிரேட்டர் லேக்கில் இரண்டும் கிடையாது. பனியும் மழையும்தான் வரவு. ஆவியாவதும் பாறை வழியே கசிவதும்தான் செலவு. வண்டல் கொண்டுவர ஆறு இல்லை, அதனால்தான் அந்தத் தெளிவு, அந்த நீலம். ஆழம் 594 மீட்டர்.

முன்பு அங்கே மசாமா என்ற எரிமலை நின்றது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. வயிற்றிலிருந்த குழம்பெல்லாம் வெளியே கொட்டியதும், தாங்க ஒன்றுமில்லாமல் மலையின் தலை சரிந்தது. கவனியுங்கள், உச்சி பறந்துபோகவில்லை, உள்ளே விழுந்தது. அந்தப் பள்ளத்தில் சேர்ந்த நீர்தான் ஏரி.

எல்லோரும் நீலத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் கேட்பது கிழவரைப் பார்த்தீர்களா என்றுதான். ஏரிக் கிழவர் என்பது ஒரு ஹெம்லாக் மரக்கட்டை. சுமார் 9 மீட்டர் நீளம். படுத்து மிதக்காமல் நின்றபடி மிதக்கிறது, தலை மட்டும் ஓராள் இடுப்பளவுக்கு வெளியே. 1896-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள், இன்னும் மிதக்கிறது! அடிப்பகுதி ஊறிக் கனத்துவிட்டது, மேல்பகுதி வெயிலில் காய்ந்து லேசாக இருக்கிறது. நீர் குளிர்ச்சியானதால் மக்கவில்லை. ஓரிடத்தில் நிற்பவரும் இல்லை. 1938-ல் மூன்று மாதம் குறித்துப் பார்த்தபோது 100 கிலோமீட்டர் அலைந்திருந்தார்.

1988-ல் நீர்மூழ்கியில் ஆய்வு செய்யப் போனவர்கள், இடிக்குமே என்று அவரை ஏரிக்குள்ளேயே இருக்கும் விசார்ட் தீவோரம் கட்டிப்போட்டார்கள். உடனே புயல் வந்ததாம், ஆகஸ்டில் பனி கொட்டியதாம், அவிழ்த்துவிட்டதும் வானம் தெளிந்ததாம். அவ்வளவு உயரத்தில் கோடையில் பனி பெய்வது அதிசயமில்லை. இருந்தாலும் நானும் அவிழ்த்துத்தான் விட்டிருப்பேன்.

கண்ணாடிக்கு அப்பால் நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார். சுற்றுப்புறத்தைப் பற்றி நிறையக் குறித்து வந்தேன், ஒன்றே ஒன்று சொல்கிறேன். வடகிழக்கே ஃபோர்ட் ராக் குகையில், மசாமாவின் சாம்பலுக்கு அடியிலிருந்து, செடிப்பட்டையில் பின்னிய செருப்புகளை 1938-ல் தொல்லியலாளர் லூதர் கிரெஸ்மன் தோண்டியெடுத்தார். மலை மலையாக இருந்தபோதே அங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. அந்தப் பகுதிப் பழங்குடிகளான கிளமாத் மக்கள் சொல்லும், லாவோ, ஸ்கெல் என்ற இரண்டு ஆவிகளின் சண்டைக் கதையும் மலை சரிந்ததைத்தான் சொல்கிறது. அதை விரிக்க நேரமில்லை. போகிறவர்கள் ஜூலைக்குப் பிறகு போங்கள், அதுவரை சாலையில் பனி கிடக்கும். வணக்கம்.