ஸ்க்ரூ எங்கே தம்பி?

(மாணவர் தொழில்நுட்ப மன்றம் ஒன்றின் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மின்னணுவியல் துறைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் செயற்கை நுண்ணறிவைப் பற்றி அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் இளம் பேராசிரியர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய தங்கையே, நன்றியுரைக்காகக் கையில் தாளோடு காத்திருக்கும் தம்பியே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதல்வர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க என் மனம் ஒப்பவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது, டாக்டர் பேசவே கூடாது என்று சொல்லியிருக்கிறார், இருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவருடைய அறையில் ஒரு பொருளைப் பார்த்தேன். மாணவராக இருந்தபோது வாங்கிய கால்குலேட்டர். பின்மூடியில் ஒரு ஸ்க்ரூ தொலைந்துபோய், அந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறது. "இன்னும் ஓடுதா ஐயா?" என்று கேட்டேன். பேச முடியாதவர் அல்லவா, ஒரு பெருக்கல் கணக்குப் போட்டு விடையைக் காட்டினார். துறைத் தலைவர் அவர்களுக்கும் ஒரு நன்றி. விடுமுறை நாளிலும் ஆய்வகச் சாவியை மாணவர்களை நம்பிக் கொடுக்கிறாராம். அந்த நம்பிக்கை பெரிய விஷயம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'புதிய கருவிகள், புதிய மென்பொருள்கள், புதிய வடிவமைப்பு'. மூன்றையும் பற்றிப் பேசுகிறேன். முதலில் வடிவமைப்பு, அடுத்து மென்பொருள், மூன்றாவதாகச் செயற்கை நுண்ணறிவு புகுந்த கருவிகள். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. என்னோடு ஏற்கெனவே மேடை ஏறியவர்களுக்கு அது என்னவென்று தெரியும். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு.' வறுமையிலும் தூய்மையாக இரு என்றுதான் இதற்குப் பொருள் சொல்வார்கள். நான் இன்னொன்றையும் அதில் கேட்கிறேன். கசக்கிக் கட்ட வேண்டுமானால், துணி முதலில் கசக்குவதற்கு இடம் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் பொருளுக்கு நாம் தண்ணீர் காட்டலாம், கிழிந்தால் தைக்கலாம் என்ற உரிமை அந்தப் பழமொழிக்குள் இருக்கிறது.

வடிவமைப்புக்கு வருகிறேன். மடங்கும் திரையுள்ள போன்கள் வந்திருக்கின்றன. கண்ணாடி மடங்கும் என்று நம் பாட்டன்மாரிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள். 2019-இல் சாம்சங்கின் முதல் மடக்கு போன் விமர்சகர்கள் கைக்குப் போனபோது, திரைமேல் இருந்த மெல்லிய ஏட்டைச் சாதாரணப் பாதுகாப்பு ஸ்டிக்கர் என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள். அது திரையின் ஒரு பகுதி. திரை போய்விட்டது. ஏப்ரலில் வர வேண்டிய போன் திருத்தப்பட்டுச் செப்டம்பரில்தான் வந்தது. திருத்திக்கொண்டு மறுபடி வந்தார்களே, அதைப் பாராட்டுகிறேன். ஒரு பொருளைக் கையில் வாங்குகிறவன் அதை என்ன செய்வான் என்று யோசிப்பதுதான் வடிவமைப்பின் பாதி வேலை. வாங்கியவன் ஒருநாள் அதைத் திறக்க நினைப்பான். அந்த நாளை யார் யோசிக்கிறார்கள்? இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. வலது காது கொஞ்சம் மந்தம், இடது காதுதான் தெளிவு. பேரன் ஆசையாக ஒரு ஜோடி இயர்பட் வாங்கிக் கொடுத்தான். தினம் இரவு ஒன்பதரைக்கு வெளிநாட்டில் இருக்கும் பேத்தியோடு பேசுவார். இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு இடது பக்க இயர்பட் மட்டும் இருபது நிமிஷத்தில் அணைந்துபோக ஆரம்பித்தது. பேத்தி கதையைத் தொடங்கி, கதை சூடு பிடிக்கும்போது சத்தம் நின்றுவிடும். பத்து நாள் பொறுத்தார். பதினோராவது நாள், "வா, அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்" என்றார்.

போனோம். டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பையன் வாங்கிப் பார்த்தான். மரியாதையான பையன். "பாட்டி, இது ரிப்பேர் ஆகாது. புது ஜோடிதான் வாங்கணும்."

"என்னப்பா கோளாறு?"

"பேட்டரி போயிடுச்சு பாட்டி."

"பேட்டரிதானே, மாத்திக் குடு."

"மாத்த முடியாது பாட்டி. திறக்க வழி இல்ல."

அம்மா இயர்பட்டைத் திரும்ப வாங்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "ஸ்க்ரூ எங்கே தம்பி?"

"ஸ்க்ரூ கிடையாது பாட்டி. பசை போட்டு ஒட்டியிருக்கு."

"ஒட்டினவனுக்குப் பிரிக்கத் தெரியாதா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சத்தம் கேட்டு மேலாளர் எழுந்து வந்தார். "அம்மா, வாரண்டி முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சும்மா" என்று பொறுமையாகச் சொன்னார். அம்மா திரும்பினார். "எனக்கு எழுபத்தொன்பது வயசு. என் காதுக்கு வாரண்டி எப்பவோ முடிஞ்சுடுச்சு. அதைக் கழட்டியா போட்டேன்?"

(இந்த இடத்தில் அரங்கில் கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது.)

மேலாளர் ஒரு சலுகை சொன்னார். இந்த ஜோடியைக் கொடுத்துவிட்டால் புது ஜோடியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்களாம். அம்மா கேட்டார், "வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு? அதை எதுக்குக் குடுக்கணும்?" அவரிடம் பதில் இல்லை. நல்ல மனிதர்தான், அவர் கையில் எதுவும் இல்லை. வெளியே வந்துவிட்டோம். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு இருக்கும்போது அந்தக் கவுண்டர் பையன் பின்னாலேயே வந்தான். "பாட்டி, உள்ளே இருக்கறது பட்டன் மாதிரி சின்ன பேட்டரிதான். ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டினா பசை இளகும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க." அந்தப் பையன் யார், எந்தக் கம்பெனி என்று நான் எங்கும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூடு காட்டினோம். பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தை விளிம்பில் நுழைத்தேன். திறந்துகொண்டது. உள்ளே பேட்டரி இரண்டு தகடுகளுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தது. ஈயப் பற்றுகூட இல்லை. அதே அளவில், அதே வகையில் ரீசார்ஜ் பேட்டரி வரவழைத்துப் போட்டோம். இருபத்தைந்து நிமிஷ வேலை. அன்றிரவு பேத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். சுரண்டி எடுத்த பசையை அம்மா ஒரு தாளில் ஒட்டி வைத்திருக்கிறார். மொத்தமும் கடுகளவு. அந்தக் கடுகளவு பசைதான் ஒரு பொருளின் ஆயுளை முடிவு செய்திருந்தது.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போனில் இருக்கும் பை போன்ற லித்தியம் பேட்டரியைக் கத்தி, உலோகத் தகடு வைத்து நெம்பாதீர்கள். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பேட்டரி ஏன் தேய்கிறது? லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வருவதுதான் சார்ஜ் ஏறுவதும் இறங்குவதும். ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் லித்தியம் கிராஃபைட் முனையின் மேல் படலமாகப் படிந்து, திரும்ப வராமல் தங்கிவிடுகிறது. சூடு அதை விரைவாக்கும். இந்த பேட்டரியை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்இனஃப்புக்கு அப்போது வயது 97. தேய்வது அந்தப் பொருளின் இயற்கை, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தேயும் என்று தெரிந்த ஒன்றைத் திறக்க முடியாத பெட்டிக்குள் வைத்து ஒட்டுவது மனிதன் எடுத்த முடிவு.

இப்படிப்பட்ட முடிவு புதிதும் அல்ல. 1924-இல் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின. ஒரு பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று முடிவு செய்தன. கூடுதலாக எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதம்! நன்றாகச் செய்ததற்கு அபராதம் போட்ட வரலாறு அது. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதைப் பாடமாகப் படிக்க வேண்டும்.

நேரம் பார்க்கச் சொல்லி ஜாடை வருகிறது. மென்பொருளுக்கு வருகிறேன். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015-இல். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். விசைப்பலகை உடையவில்லை, திரை மங்கவில்லை, கணினி நன்றாக ஓடிக்கொண்டே இருக்கிறது. வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றதால் அது பழசாகிவிட்டது. வன்பொருளைப் பசை பூட்டுகிறது என்றால், மென்பொருள் தேதி வைத்துப் பூட்டுகிறது. அப்படிப்பட்ட கணினி வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுப் பாருங்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு. நல்ல செய்தியும் இருக்கிறது. கூகுள் 2023-இல் பிக்ஸல் 8 போனுக்கும், சாம்சங் 2024-இல் எஸ்24 போனுக்கும் 7 ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. கேட்டால் கிடைக்கிறது என்பதற்கு இது சாட்சி.

புதுமை என்றால் மூடி ஒட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் 2013-இலிருந்து போன் செய்கிறது. 2023-இல் வந்த ஃபேர்ஃபோன் 5-இல் பின்மூடியை நகத்தால் நெம்பி பேட்டரியைக் கையால் எடுக்கலாம். 2021-இல் வந்த ஃப்ரேம்வொர்க் லேப்டாப்போடு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் தருகிறார்கள். உள்ளே ஒவ்வொரு பாகத்தின் மேலும் க்யூஆர் குறி. ஸ்கேன் செய்தால் எப்படிக் கழற்றுவது என்று வழி சொல்கிறது. நினைவகமா, திரையா, நீங்களே மாற்றலாம். எனக்கு இந்த ஆண்டின் கேமராக்கள், சில்லுகள் எல்லாவற்றையும்விட அந்த ஸ்க்ரூ டிரைவர்தான் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது.

சட்டமும் நகர்கிறது. பிரான்ஸ் 2021-இலிருந்து போன், லேப்டாப் போன்ற சில பொருள்களுக்குப் பழுதுநீக்க மதிப்பெண் போட வைத்தது. பத்துக்கு எத்தனை என்று கடையிலேயே தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20-க்குப் பிறகு சந்தைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை நின்ற பின்னும் 7 ஆண்டு உதிரிபாகம் தர வேண்டும், 5 ஆண்டு இயங்குதள அப்டேட் தர வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே மாற்றும்படி செய்ய வேண்டும். அதில் விதிவிலக்குகள் உண்டு, உண்மைதான். உண்மையான உதிரிபாகத்தைப் போட்டாலும் வரிசை எண் பொருந்தவில்லை என்று போன் மறுக்கிறதே, அந்தப் பூட்டை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. இதெல்லாம் தானாக வரவில்லை. மக்கள் கேட்டார்கள். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி முதல் ரிப்பேர் கஃபே நடத்தினார். உடைந்த பொருளைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து சரி செய்வோம் என்றார். இன்று அது பல நாடுகளில் நடக்கிறது.

2022-இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதியில் என் அம்மாவின் வலது இயர்பட் போல நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை எத்தனை இருந்திருக்கும்!

மூன்றாவதாகச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் என்று சொன்னேன். இளம் பேராசிரியர் எனக்கு முன்பே விரிவாகப் பேசிவிட்டதால் ஒன்றே ஒன்று. ஹியூமேன் என்ற கம்பெனி சட்டையில் குத்திக்கொள்ளும் ஏஐ பின் ஒன்றை 2024 ஏப்ரலில் விற்கத் தொடங்கியது. உள்ளங்கையில் எழுத்தை ஒளியாகக் காட்டும், அழகான யோசனை. 2025 பிப்ரவரியில் ஹெச்பி அந்தக் கம்பெனியின் பெரும்பகுதியை வாங்கியது. பிப்ரவரி 28-ஆம் தேதி, அந்தக் கருவி நம்பியிருந்த சர்வர்களை, அதாவது தொலைவில் இருந்த கம்பெனிக் கணினிகளை, நிறுத்தினார்கள். ஓராண்டு முடியவில்லை. சட்டையில் இருந்த கருவி உடையவில்லை, எங்கோ இருந்த சர்வர்தான் நின்றது. இந்தத் துணியைக் கசக்க வழியே இல்லை, ஏனென்றால் துணியின் பாதி நம் வீட்டில் இல்லை. இதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். முதல்வர் அவர்கள் மறுபடி அழைத்தால் வருகிறேன்.

இப்போது நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். வாசலுக்கு இடப்பக்கம் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். அம்மாவின் இயர்பட், அந்தக் கடுகளவுப் பசை ஒட்டிய தாள், சில ஸ்க்ரூ டிரைவர்கள் இருக்கின்றன. தொட்டுப் பாருங்கள். மன்றத்து மாணவர்கள் மாதம் ஒருநாள் ஆய்வகத்தில் பழுதுநீக்க முகாம் நடத்தச் சம்மதித்திருக்கிறார்கள். துறைத் தலைவர் சாவி தருகிறேன் என்று என் காதில் சொல்லிவிட்டார். எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டேன் ஐயா, மன்னிக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு மனு இருக்கிறது. பெட்டியின் மேல் மூன்று தகவல் அச்சடிக்க வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம். பேட்டரியை யார் மாற்றலாம், உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், அப்டேட் எந்தத் தேதி வரை வரும். முதல் கையெழுத்து என் அம்மா போட்டது. அதற்கு அடுத்த வரியை முதல்வர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். பேச வேண்டாம் ஐயா, கையெழுத்துப் போட்டால் போதும்.

மைக்கைப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கும், இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.