கரி பூசிக்கொண்ட பெர்ட் வில்லியம்ஸ்

கறுப்பினத்தில் பிறந்த ஒருவர் மேடையேறும் முன் முகத்தில் கரி பூசிக்கொள்வானேன்? அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்க மேடையில் நகைச்சுவை நடிகராக இருந்த பெர்ட் வில்லியம்ஸ் 1874-இல் பஹாமாஸில் பிறந்தவர். நிறம் சற்று வெளுப்பு. அன்றைய அமெரிக்க மேடையில் வெள்ளைக்கார நடிகர்கள் கார்க்கைச் சுட்டு, கரியைக் குழைத்து அப்பிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு அசல் ஆள் போதவில்லை. அதனால் இவரும் பூசினார். பூசியபிறகுதான் நகைச்சுவை தனக்குக் கைவந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒரே மாலையில் பாட்டு, கூத்து, வித்தை, நாய் சாகசம் எல்லாம் அடுத்தடுத்து வரும் கதம்ப மேடைக்கு வாடெவில் என்று பெயர். அங்கே ஜார்ஜ் வாக்கரோடு ஜோடி சேர்ந்து பேர் வாங்கினார். மேடையில் வாக்கர் மினுக்குக்காரர், இவர் தொட்டதெல்லாம் விளங்காத ஆள். 1903-இல் கறுப்பர்களே எழுதி, இசையமைத்து, நடித்த 'இன் தஹோமி' என்ற இசை நாடகத்தை நியூயார்க்கின் பெரிய நாடக வட்டாரமான பிராட்வேக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு லண்டனில், மன்னரின் பேரனுக்கு ஒன்பதாவது பிறந்தநாள் என்று பக்கிங்ஹாம் அரண்மனையிலும் ஆடினார்கள். 1910-இல் பிராட்வே தயாரிப்பாளர் ஸீக்ஃபெல்ட் தம் 'ஃபாலீஸ்' நிகழ்ச்சிக்கு வில்லியம்ஸை எடுத்தபோது, கூட நடிக்க மாட்டோம் என்று சிலர் முறுக்கினார்கள். ஸீக்ஃபெல்ட் மசியவில்லை.

இனி, வில்லியம்ஸ் பேசாமலே நடித்துக் காட்டிய ஒரு சீட்டாட்டம். பந்தயம் கட்டி ஆடும் போக்கர் அது. எனக்குப் போக்கர் தெரியாது, தெரியாமலேயே புரிந்தது. 1916-இல் எடுத்த ஒரு ஊமைப்படத்தில் அது தங்கியிருக்கிறது. ஜெயில் அறையில் தனியாள். கையில் சீட்டு கிடையாது, எதிரே ஆளும் கிடையாது. இல்லாத கட்டைக் கலைக்கிறார், போடுகிறார், தன் சீட்டை மட்டும் லேசாகத் தூக்கிப் பார்க்கிறார். கண்ணில் ஒரு மினுக்கம். அதை மறைக்கப் படாத பாடு படுகிறார். அந்த இல்லாத எதிராளி பந்தயத்தை ஏற்ற ஏற்ற, முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்குகிறது. தோற்றுவிட்டார் என்று வாய் திறந்து சொல்லவே வேண்டாம்.

1918-இல் ஒரு பத்திரிகையில் எழுதினார்: கறுப்பராக இருப்பதில் இழிவு ஏதும் எனக்குத் தெரிந்ததில்லை, ஆனால் அசௌகரியமாக இருந்திருக்கிறது, அமெரிக்காவில். அந்தக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு நிறுத்தம் விட்டு வாசித்துப் பாருங்கள்.

1922 பிப்ரவரியில் நிமோனியாவோடு டெட்ராயிட் மேடையில் நின்றவர், நடுவில் சுருண்டு விழுந்தார். இதுவும் வேடிக்கைதான் என்று கூட்டம் சிரித்தது. மார்ச் 4 அன்று நியூயார்க்கில் இறந்தார். வயது 47.