கச்சான் கோதுக்கும் வாய் இருக்கு!

[திரையில்: கோயில் வீதி, இரவு. கச்சான் கடை.]

மட்டக்களப்பு மாமாங்கத் திருவிழாவுக்குப் போனால் கச்சான் வாங்காமல் வர மனம் வராது. உடைத்துக்கொண்டே நடப்போம். இடையில் ஒன்று வெறும் கோதாக இருக்கும். கடைக்கார அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கோது மண்ணுக்குள் பட்டினி கிடந்திருக்கிறது!

வணக்கம் மக்கள்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செடியின் உடம்பில் பெரும்பங்கு காற்றிலும் தண்ணீரிலும் இருந்து வருகிறது. மிச்சச் சத்துகளை வேர் மண்நீரோடு உறிஞ்சுகிறது. வேளாண்மைக்கு நைதரசனை யூரியாவாகப் போடுகிறோம். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைதரசன். கச்சானோ வேர் முடிச்சில் பக்டீரியாவைக் குடிவைத்து, காற்றில் இருந்தே எடுத்துக்கொள்கிறது.

சரி, கோதுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

[திரையில்: பூவின் அடியிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் காம்பு.]

கச்சான் பூப்பது மண்ணுக்கு மேலே. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி போல ஒரு காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் கச்சான். அதனால் அது வேர் இல்லை, காய்!

பருப்பு முற்றக் கல்சியம் வேண்டும். வேர் உறிஞ்சிய கல்சியம் தண்ணீரோடு மேலே ஏறும். வெயிலில் இலை நீரை ஆவியாக்குவதுதான் அதை இழுக்கிறது. ஆனால் குருமண்வெளியில் படகுப் பாதை ஏறி, வாவியைக் கடந்து மண்டூரில் இறங்கிய ஆள் அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்தால் எப்படி? கல்சியமும் அப்படித்தான். இலைக்குப் போனால் திரும்பாது. சீனியோ கீழே இறங்கி வரும். மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு வெயிலும் இல்லை, ஆவியும் இல்லை. அப்போ கல்சியம் எப்படிக் கிடைக்கும்?

கோதே தன் தோலால் சுற்றியுள்ள மண்ணில் இருந்து நேராகக் குடிக்கிறது! 1949இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கதிரியக்கக் கல்சியத்தை வைத்தே இதைக் காட்டினார்கள். செடி பச்சைப் பசேலென்று நிற்கும், கீழே கோது காலியாக இருக்கும். எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை மணலில் கச்சான் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மணல் சத்தைப் பிடித்து வைக்காது, மாரி மழை கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் பூக்கும் காலத்தில் கல்சியம் உள்ள ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். அதையும் ஆழத்தில் புதைக்காமல், காய் பிடிக்கும் மேல்மண்ணில் போட வேண்டும்.

உங்கள் வளவில் கச்சான் இருந்தால் ஒரு செடியைப் பிடுங்கி, முற்றிய காய்களை உடைத்துப் பாருங்கள். எத்தனை வெறும் கோது, எந்த ஊர் மண் என்று கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் நான் வாசிப்பேன்.