சதுப்பில் ஊறி டர்பனில் கடல் சேரும் உம்கேனி

வணக்கம் மக்களே! நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்கேனி ரோடு தெரியாத தமிழர் கிடையாது. ப்ளூ லகூன் முகத்துவாரத்தில் உம்கேனி ஆறு கடலில் கலப்பதையும் பார்த்திருப்போம். அந்தத் தண்ணீர் பிறக்கும் இடத்துக்கு மட்டும் நாம் அதிகம் போவதில்லை. அதற்காகத்தான் இந்த வீடியோ.

நான் நிற்பது மிட்லண்ட்ஸ் மேட்டில், 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கும் உம்கேனி ஃப்ளே சதுப்பு நிலம். ஆறு எங்கே என்று கேட்பீர்கள். இங்கே பாருங்கள், கோரைக்குள் கால் வைத்ததும் கறுப்பு மண் அமுங்குகிறது. காலை எடுத்தால் அந்தக் குழியில் மெல்லத் தண்ணீர் ஊறி நிற்கிறது. இதுதான் ஆறு! கோடை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மழையில்லாத குளிர்காலத்திலும் இந்த மண் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். வாட்டில்ட் கிரேன் என்னும் அரிய பெரிய கொக்கு கூடு கட்டுவதும் இங்கேதான். 2013-இல் இதை ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். இந்தச் சதுப்பை உழுது வடித்துவிட்டால் கீழே எத்தனை அணை கட்டியும் ஈடாகாது என்பேன்.

கீழே இறங்கினால் லயன்ஸ் ஆறு சேரும், அப்புறம் மிட்மார் அணை. அதில் நிற்பது உம்கேனித் தண்ணீர் மட்டுமில்லை. டுகேலா ஆற்றுக்குப் போகவேண்டிய மூய் ஆற்றுத் தண்ணீரையும் பம்ப் செய்து இந்தப் பக்கம் திருப்புகிறார்கள். நம் நகரங்களின் தாகம் அவ்வளவு! அடுத்து ஹோவிக்கில் 95 மீட்டர் அருவி. பிறகு ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகில் அணைகள். ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் கழிவையும் சுமந்துகொண்டு ம்சுண்டூசி ஆறு வந்து சேர, இரண்டும் இனாண்டா அணைக்குப் போகின்றன.

இனி நம் கதை. இன்று கடைகளும் கிடங்குகளுமாக இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு ஆற்றங்கரையில், இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்து ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்கள் காய்கறி பயிரிட்டார்கள். வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் அது, எதை நட்டாலும் விளையும். மண்ணைக் கொடுத்த அதே வெள்ளம் 1917 அக்டோபரில் குடிசைகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டு போனது. அப்போது மாரிமுத்து படவட்டான் உட்பட ஆறு மீனவர்கள், சீறிப் பாயும் தண்ணீரில் திரும்பத் திரும்பப் படகைச் செலுத்தி 170 பேருக்கு மேல் காப்பாற்றினார்கள். அந்த ஆறு பேரை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லவேண்டும்.

கடைசியில் ப்ளூ லகூன். வடகரையில் பீச்வுட் அலையாத்திக் காடு. பெருமழைக்குப் பிறகு மேலேயிருந்து வரும் பிளாஸ்டிக் எல்லாம் அந்த வேர்களில்தான் சிக்கிக் கிடக்கிறது.

உங்கள் தாத்தா பாட்டி ஸ்பிரிங்ஃபீல்டில் தோட்டம் வைத்திருந்தார்களா? என்ன பயிரிட்டார்கள், வெள்ளத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். பழைய போட்டோ இருந்தால் அதையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.