நான்கு பாரதிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியில் பாரதி வீதி இருக்கிறது. பாரதி பூங்கா இருக்கிறது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு நினைவகமாக நிற்கிறது. இங்கே 'பாரதி' என்று சொன்னால் எந்தப் பாரதி என்று யாரும் கேட்பதில்லை. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்து அந்த மனிதர் எழுதியதை நினைத்தால், அது நியாயம்தான். ஆனாலும் அதே பெயரைத் தாங்கிய இன்னும் மூன்று பேர் இந்தக் கடலோரத்தோடு, காரைக்காலோடும் சிதம்பரத்தோடும் நம் புதுச்சேரியோடும், ஆழமான உறவு கொண்டவர்கள். அந்த மூவரையும் நாம் போதுமான அளவு நினைப்பதில்லை என்பது என் வருத்தம். அதைச் சொல்லத்தான் வானொலி நிலையத்தார் அழைத்ததும் ஒப்புக்கொண்டேன்.

தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் கிடையாது. அப்பாவின் பெயரில் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். புதுச்சேரி இதில் கொஞ்சம் விலக்கு. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி வந்த பிரெஞ்சு ஆணையின்படி, தங்கள் பழைய சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. 1873-இல் காலணியோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரீஸ் வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பிள்ளையை விட்டுவிட்டு லப்போர்த் ஆனது அப்படித்தான். அந்தப் பெயர்கள் அலுவலகப் பதிவேட்டிலிருந்து பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கி வந்தன. பாரதி அந்த வகை இல்லை. அது கலைமகளின் பெயர். பாட்டுக்கும் புலமைக்கும் தலைவணங்கி ஊர் கொடுக்கிற பெயர். வாங்கியவர் வாழ்நாளெல்லாம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் கோபாலகிருஷ்ண பாரதி. 19-ஆம் நூற்றாண்டுக்காரர். நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் பிறந்து, பிற்காலத்தில் மாயவரம் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. தமிழிசை கேட்கிற யாருக்கும் அவர் பாட்டு பரிச்சயம்: 'சபாபதிக்கு வேறு தெய்வம்', 'வருகலாமோ', 'ஐயே மெத்த கடினம்'. பாட்டு தெரிந்த பலருக்கு, பாடலாசிரியர் பெயர் தெரிவதில்லை.

அவருடைய பெரிய சாதனை நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, தில்லையாகிய சிதம்பரத்துக்குப் போக ஏங்கிய சிவனடியார் நந்தனின் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று பாடியிருக்கிறார். அங்கே பண்ணையார் ஒருவர் வருவதே இல்லை. நந்தனை அதட்டி, தில்லைக்குப் போக விடாமல் தடுக்கும் வேதியரான பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதிதான். நாற்பது வேலி நிலத்திலும் விவசாய வேலையை முடித்துவிட்டுப் போ என்று அந்த வேதியர் சொல்வதும், ஒரே இரவில் அது தெய்வச் செயலாக முடிவதும் அவர் சேர்த்தவை. காவிரிக் கரையில் பண்ணைக்காரர்களையும் பண்ணை ஆட்களையும் தினமும் பார்த்து வாழ்ந்த ஒருவரால்தான் இதைச் சேர்த்திருக்க முடியும். புராணத்தில் ஓர் அடியாரின் ஏக்கமாக இருந்தது, இவர் கையில் ஒரு முதலாளிக்கும் ஒரு கூலியாளுக்கும் நடக்கிற வழக்காக மாறிவிட்டது. பாடியவரோ அந்த வேதியரின் சாதியிலேயே பிறந்தவர். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கீர்த்தனை அச்சேறியதில் காரைக்காலுக்குப் பங்கு உண்டு. அங்கே அதிகாரியாக இருந்த சீசையா என்ற பிரெஞ்சுக்காரர் கதையைக் கேட்டு மனம் பறிகொடுத்து, அது புத்தகமாக வர உதவினார். இதை எழுதி வைத்தவர் உ.வே.சாமிநாதையர். புதுச்சேரியும் தமிழும் பற்றிப் பேசுகிற மேடைகளில் இந்தச் செய்தியை நான் அதிகம் கேட்டதில்லை. இன்றைக்கு நம் மாநிலத்தின் பகுதியான ஓர் ஊரில் நடந்தது இது. நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம்.

உ.வே.சா. இன்னொன்றும் சொல்கிறார். நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டும் முகப்புப் பாட்டு, வேண்டி, கோபாலகிருஷ்ண பாரதி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். நூலில் இலக்கணப் பிழைகள் இருப்பதைக் கண்டு பிள்ளை தயங்கினார், நாள் கடத்தினார். பாரதி சலிக்காமல் நடந்தார். ஒருநாள் திண்ணையில் காத்திருந்தபோது தம்முடைய கீர்த்தனை ஒன்றைத் தமக்குள் உருகிப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளே படுத்திருந்த பிள்ளை அதைக் கேட்டார். இலக்கணம் பார்த்த மனம் கரைந்தது, பாயிரம் கிடைத்தது. பிழையில்லாத எத்தனையோ நூல்கள் அந்த நூற்றாண்டில் வந்தன. இன்று அவை நூலகத்தில்கூடக் கிடைப்பதில்லை. நந்தன் பாட்டு மார்கழிதோறும் ஒலிக்கிறது. மக்கள் பேசுகிற பேச்சையே பாட்டாக்கியவருக்குக் காலம் கொடுத்த பாயிரம் அது என்று நான் நினைக்கிறேன்.

சரி, நம்முடைய சுப்பிரமணிய பாரதிக்கு வருவோம். அவர் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும், அதனால் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. 1882-இல் எட்டயபுரத்தில் பிறந்தார். 'இந்தியா' பத்திரிகை மீது ஆங்கிலேய அரசின் கை நீண்டபோது, 1908-இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இங்கே பிறந்தன. நான் இன்று சொல்ல விரும்புவது அவர் பயன்படுத்திய மெட்டுகளைப் பற்றி.

அவருடைய தேசிய கீதங்கள் சிலவற்றின் தலைப்புக்குக் கீழே ஒரு சிறு குறிப்பு இருக்கும்: நந்தனார் சரித்திரத்தில் உள்ள இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று. 'ஓய் நந்தனாரே, நம்ம ஜாதிக்கடுக்குமோ' என்ற பாட்டை எடுத்து 'ஓய் திலகரே, நம்ம ஜாதிக்கடுக்குமோ' என்று மாற்றினார். நந்தனைப் பார்த்து வேதியர் இகழ்ந்து கேட்கிற, 'மாடு தின்னும் புலையா, உனக்கு மார்கழித் திருநாளா' என்ற பாட்டின் மெட்டில் இப்படி எழுதினார்:

'தொண்டு செய்யும் அடிமை! உனக்குச்
சுதந்திர நினைவோடா?'

இதில் பேசுகிறவன் ஆங்கிலேய உத்தியோகஸ்தன். கேட்டுக்கொண்டு நிற்கிறவன் சுதந்திரம் கேட்கும் இந்தியன். இதை அன்று பாடிய படித்தவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று பாருங்கள். அதுவரை அந்த மெட்டில் வேதியரின் இடத்தில் நின்று பாடிப் பழகியவர்கள், திடீரென்று நந்தன் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். அதே ஏளனம், அதே தாளம், இப்போது தங்கள் மேல் விழுகிறது. அதோடும் விடவில்லை. 'ஜாதிச் சண்டை போச்சோ? உங்கள் சமயச் சண்டை போச்சோ?' என்று அந்த வெள்ளைக்காரன் வாயாலேயே கேட்க வைக்கிறார். நமக்கு விடுதலை வேண்டும், நம் காலடியில் இருப்பவனுக்கு வேண்டாம் என்றால் எப்படி என்ற கேள்வி அது. கோபாலகிருஷ்ண பாரதி கட்டிய மெட்டு இல்லாமல் இந்த அடி இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது. இளைய பாரதிக்கு மூத்த பாரதி விட்டுப் போன சொத்து என்று நான் சொல்வது இதைத்தான்.

அவர் பாட்டோடு நிற்கவில்லை. 1913-இல் புதுச்சேரியில், தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞர் கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தார். பூணூலால் சாதி ஒழியுமா என்று இன்றைக்கு ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நந்தனை வாசலில் நிறுத்திய அந்த அடையாளத்தையே எடுத்து, நந்தனின் பேரன் தோளில் போட்ட செயலை, அந்த ஆண்டில், இந்த ஊர் தெருக்களில் வைத்து எடைபோட வேண்டும். கனகலிங்கம் பிற்காலத்தில் தம் குருநாதரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த நன்றியை யாராலும் குறைத்துப் பேச முடியாது.

1918 நவம்பர் 20-ஆம் தேதி பாரதி புதுச்சேரி எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். கடலூர் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்து, டிசம்பரில் விடுதலையானார். கடலூர்க்காரர்களுக்கும் அவரிடம் இப்படி ஒரு பங்கு இருக்கிறது, துயரமான பங்கு.

இங்கே பாரதிதாசனை விட்டுவிட முடியாது. புதுச்சேரி கனக சுப்புரத்தினம், பட்டமாகக் கிடைக்காத அந்தப் பெயரைத் தாமே விரும்பி, தாசன் என்று சேர்த்துப் போட்டுக்கொண்டார். பிறகு பகுத்தறிவு இயக்கத்தில் எவ்வளவு தூரம் போனபோதும் அந்தப் பெயரை மாற்றவில்லை. அவரைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

மூன்றாமவர் நாவலர் சோமசுந்தர பாரதி. 1879-இல் அதே எட்டயபுரத்தில் பிறந்தவர். சுப்பிரமணியத்தின் இளமைத் தோழர். சிறுவயதில் இருவருக்கும் பாரதி என்ற பட்டம் ஒன்றாகவே கிடைத்தது என்று சொல்வார்கள். ஒருவர் பாட்டுக்குப் போனார். மற்றவர் சட்டம் படித்துத் தூத்துக்குடியில் வழக்கறிஞரானார், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் முயற்சிக்குத் துணை நின்றார். 1933 முதல் 1938 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் அகத்திணை, புறத்திணை, மெய்ப்பாடு ஆகிய இயல்களுக்குப் புத்துரை எழுதினார். பழைய உரையாசிரியர்கள் சொன்னார்கள் என்பதற்காக எதையும் ஏற்கவில்லை. வழக்கறிஞர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல உரைகளை விசாரித்தார். கைகேயி மீது காலம்காலமாகச் சுமத்திய குற்றத்தையும் அப்படித்தான் எடுத்து, தசரதன் குறையும் கைகேயி நிறையும் என்று வாதாடினார். 1937-இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் முயற்சி தொடங்கியபோது, காங்கிரஸ்காரராக வளர்ந்த அவரே எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றார். மாகாணப் பிரதமராக, இன்றைய சொல்லில் முதலமைச்சராக, இருந்த ராஜாஜிக்குத் திறந்த மடல் எழுதினார்.

அவர் பாடம் நடத்திய சிதம்பரம், நந்தன் போகத் துடித்த அதே ஊர். அங்கே சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு நந்தனார் பெயரில் பள்ளி நடத்தினார். பாட்டில் நந்தன் கோயிலுக்குள் ஒருமுறை போனான். அந்தப் பள்ளியில் நந்தனின் பிள்ளைகள் தினமும் போனார்கள். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் பள்ளிதான் என்பேன்.

கடைசியாகச் சுத்தானந்த பாரதி. 1897-இல் சிவகங்கையில் பிறந்து, 1920-களில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். அதில் பெரும்பகுதி மௌனத்தில் கழிந்தது. பேசாமல் இருந்த மனிதர் எழுதியதோ மலைபோல. அவருடைய பாரத மகாசக்தி காவியத்துக்குத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ராஜராஜன் விருது கிடைத்தது. பிரெஞ்சு கற்று, விக்தோர் ஹ்யூகோவின் பெரு நாவலை 'ஏழைபடும் பாடு' என்று தமிழில் தந்தார். ரொட்டி திருடியதற்காகச் சிறைக்குப் போன ஏழையின் கதை, பிரெஞ்சு ஆண்ட மண்ணிலிருந்தே தமிழுக்கு வந்தது. 1950-இல் அது படமும் ஆயிற்று. அதில் ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரமே முன்பெயராக ஒட்டிக்கொண்டு, ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டார். பெயர்கள் வந்து சேரும் வழிகளில் இதுவும் ஒன்று!

சுத்தானந்தரின் பாட்டை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள்: 'எப்படிப் பாடினரோ அடியார், அப்படிப் பாட நான் ஆசை கொண்டேன் சிவனே'. டி.கே.பட்டம்மாள் குரலில் அது ஊர் ஊராகப் போயிற்று. அதன் சரணங்களில் தமக்கு முன்னால் பாடியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். முதலில் வருகிறவர் அப்பர். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்று நாம் சொல்கிற அதே நாவுக்கரசர். கடைசியில் அருட்ஜோதி வள்ளல், நம் வடலூர்ப் பெருமான். ஆக, புதுச்சேரியில் இருந்த ஒரு பாரதி, கடலூர் மண்ணின் இரண்டு பாடகர்களைத் தம் பாட்டில் முதலும் முடிவுமாக வைத்திருக்கிறார்.

அந்தப் பாட்டை இந்த உரைக்குப் பின் ஒலிபரப்பும்படி நிலையத்தாரிடம் கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்ததாகக் கோபாலகிருஷ்ண பாரதியின் 'வருகலாமோ' வரும். இரண்டையும் இருந்து கேளுங்கள். நன்றி, வணக்கம்.