தண்டையார்பேட்டை மாடியில் மின்னும் செயற்கைக்கோள்

அனைவருக்கும் வணக்கம்.

"வடசென்னையில வானமே தெரியாதே சார், இங்க என்னத்தைப் பார்க்கிறது?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு பக்கம் துறைமுக விளக்குகள், இன்னொரு பக்கம் மணலி ஆலைகள். பால்வீதி இங்கே தெரியாது. ஆனால் சுழலும் செயற்கைக்கோள் மின்னுவதைப் பார்க்கத் தண்டையார்பேட்டை மொட்டை மாடி தாராளமாகப் போதும்.

சின்ன வயதில் முகம் பார்க்கும் கண்ணாடியால் எதிர்வீட்டுச் சுவரில் வெயில் அடித்திருப்போம் அல்லவா? கண்ணாடி திரும்பும் கோணத்தைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் நகரும். செயற்கைக்கோளின் தகடு நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால், அதன் ஒளிக்கற்றை வினாடிக்கு 12 டிகிரி ஓடும். சூரியனின் அகலம் அரை டிகிரிதான். ஆக, வெளிச்சம் நம்மேல் விழுவது ஒரு வினாடியில் 24இல் ஒரு பங்கு நேரம். கண் சிமிட்டினால் போச்சு!

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஜப்பான் 1986இல் அனுப்பிய அஜிசாய் என்ற செயற்கைக்கோள் நல்லது. உருண்டை முழுக்க 318 கண்ணாடிகள்; பைனாகுலரே போதும்.

எனக்கு உயிரான விஷயம் வேறு. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செத்துப்போன செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. பூமியின் நடுக்கோடு சரியான வட்டம் இல்லை. அதனால் கட்டுப்பாடு இழந்த பல செயற்கைக்கோள்கள் கிழக்கே 75 டிகிரி, மேற்கே 105 டிகிரி என்ற இரண்டு தீர்க்கரேகைகளைச் சுற்றியே ஊசலாடுகின்றன. சென்னை இருப்பது 80 டிகிரியில். அதாவது, அந்த இரண்டு கூட்டங்களில் ஒன்று ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே, சற்றுத் தென்மேற்கில் இருக்கிறது! இப்படி ஓர் இடம் எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

மார்ச் மத்தியும் செப்டம்பர் கடைசியும் நமக்கு ஏற்ற காலம். சூரியன் நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் வெளிச்சம் நம் பக்கம் திரும்ப வாய்ப்பு அதிகம். நள்ளிரவை ஒட்டி மட்டும் வேண்டாம். 70 நிமிடம் வரை அவை பூமியின் நிழலில் கிடக்கும்.

மோட்டார் வைத்த டெலஸ்கோப் தேவையில்லை. பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் இவை வானில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். ஆறு அங்குல டாப்சோனியனை (கையால் திருப்பும் எளிய டெலஸ்கோப்) அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அசையாமல் பாருங்கள். ஒரு டிகிரி அகலப் பார்வையை நட்சத்திரங்கள் நாலு நிமிடத்தில் கடந்து போய்விடும். வெறும் இருட்டாக இருந்த இடத்தில் பளிச்சென்று ஒன்று. அப்புறம் ஒன்றுமில்லை. கண்ணை எடுக்காதீர்கள். ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடி பளிச்!

உடனே ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். முதல் மின்னலைப் பூஜ்யம் என்று எண்ணி, பத்து வரை போய், வந்த நேரத்தைப் பத்தால் வகுங்கள். நடுவில் மங்கலாக வருவதையும் விடாமல் எண்ண வேண்டும். சில மாதம் கழித்து அதே செயற்கைக்கோளை அளந்தால் கணக்கு மாறியிருக்கலாம். வெயிலின் அழுத்தமே அதன் சுழற்சியை மாற்றும். நாளைக்கு அதைப் பிடித்து அப்புறப்படுத்த ஒரு விண்கலம் போனால், அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதனால் தேதி, நேரம், இடைவெளி மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.